ஒற்றை டிக்கும் ஏழாம் படியும்

அம்மா தார்சாவில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாதி தூரம் டிராக்டரிலும் மீதி தூரம் ஒரு மீன் வண்டியிலுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சேலைக் கரை முழுக்கக் காய்ந்த சேறு. நான் அடுப்படியில் துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையில் கிடந்த போனை எடுத்து, அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தேன். ஒற்றை டிக். சாம்பல் நிறம். இன்னும் போய்ச் சேரவில்லை. மூன்று நாட்களாக ஒவ்வொரு முறையும் செய்ததைப் போலவே என் வயிறு ஒரு தடவை சுருண்டு விரிந்தது.

அம்மா பத்தடி தூரத்தில் இருக்கிறாள். கஞ்சியை உறிஞ்சுகிற சத்தம் காதில் விழுகிறது. அப்படியிருந்தும் அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்து என் உடம்பு பயந்தது. 2023 டிசம்பர் 20ஆம் தேதி சாயங்காலம் நடந்தது இது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்லதும் கெட்டதும் நடந்துவிட்டன. இந்த ஒரு நிமிடம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையைப் பற்றி நம் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. 17ஆம் தேதி இரவு 9:40க்கு அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அந்த மூன்று நாட்களில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. எங்கள் தெரு மேடு, தண்ணீர் ஏறவில்லை. ஆற்றுப் பக்கம் போகாதே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவைகுண்டம் 30 கிலோமீட்டர்தான். ஆனால் போக வழியில்லை. எனக்கு மிச்சமிருந்த ஒரே ஜன்னல் அந்தத் திரை. இரவு இரண்டு மணிக்குப் பார்ப்பேன், ஒரு டிக். போனைக் குப்புற வைப்பேன். வைத்த கை அங்கேயே இருக்கும். மறுபடி திருப்புவேன். 'அம்மா போனை அணைத்து வைத்திருப்பாள்' என்று ஒரு எண்ணம் வரும். அதற்கு அடுத்தபடியாக வருவதை இங்கே எழுத எனக்கு இப்போதும் மனம் இல்லை. விடிவதற்குள் அந்தக் கோடு அம்மாவின் மூச்சு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது கோடு விழுந்தால் அம்மா இருக்கிறாள். விழவில்லையென்றால்…

பொய் சொல்லாத குறி

நான் திரை வடிவமைப்பாளர். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், விரல் பட்டதும் என்ன நடக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் 14 ஆண்டுகளாக என் தொழில். அதனால் அந்த டிக்கின் பொருள் மற்றவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு டிக் என்றால் செய்தி என் போனைவிட்டுக் கிளம்பி சர்வரில் போய் இறங்கிவிட்டது. இரண்டு டிக் என்றால் எதிர்ப்பக்கப் போனில் இறங்கிவிட்டது. நீலமானால் திறந்து பார்த்துவிட்டார்கள். அந்த நீலம் 2014 நவம்பரில் வந்தது. ஆக, அந்த மூன்று நாளும் திரை என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் போன் இணைப்பில் இல்லை. அம்மாவைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்த எனக்கே வயிறு சுருண்டது. தெரியாதவர்கள் என்ன பாடு படுவார்கள்?

எங்கள் தொழிலின் பாவங்கள் இப்போது பலருக்கும் தெரியும். முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 'இன்னும் இரண்டே நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்று சொல்பவரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது போன்ற 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டு, 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெள்ளத்துக்கு 17 நாட்களுக்கு முன்னால். அதை நான் வரிவரியாகப் படித்து, என் குழுவினருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டியலில் டிக் கிடையாது. இருக்கவும் முடியாது. அது யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னதை உண்மையாகத்தான் சொன்னது. சின்ன உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. மீதியை என் பயம் எழுதிக்கொண்டது. ஏமாற்றும் வடிவங்களைத் தடை செய்யலாம். ஏமாற்றாமலேயே அச்சுறுத்தும் வடிவத்தை என்ன செய்வது?

நானும் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறேன். ஒரு சேவை நிறுவனத்தின் உரையாடல் திரையில், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும்போது மூன்று புள்ளிகள் ஏறி இறங்குமே, அதை வைக்கச் சொன்னவள் நான். அந்தப் புள்ளிகள் வந்த பிறகு ஆட்கள் திரையைவிட்டு எளிதில் போகவில்லை. அன்று அதை வெற்றி என்று எழுதிக் கொடுத்தேன். யாரோ ஒருவர் பணம் திரும்பி வருமா என்று அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

முதல் பெட்டி

இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு முறை தொடங்கினேன். 'டிக் என்பது போனைப் பற்றியது, ஆளைப் பற்றியது இல்லை' என்று எழுதி முடித்ததும், இது எனக்கு முன்பே தெரியுமே, தெரிந்து என்ன பயன் வந்தது என்று நின்றுவிடுவேன். பயம் விரலிலும் வயிற்றிலும் இருக்கும்போது வாக்கியத்தால் அதை எட்ட முடியவில்லை. விரலால் வந்ததை விரலாலேயே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்ப்பவர் கை வைத்தால்தான் முழுமையாகும் ஊடாட்டக் கலை என்று ஒன்று இருக்கிறது. என் தொழிலுக்கு ஒன்றுவிட்ட உறவு அது. அதே பொத்தான், அதே சென்சார், அதே காத்திருப்பு. தொழிலில் அவற்றை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கிறோம். அங்கே எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

பழைய மரக்கடையில் ஒரு தேக்கு ஜன்னல் சட்டம் வாங்கி, அதை அறுத்துப் பெட்டி செய்தேன். முகப்பில் போன் அளவுக்கு ஒரு திரை. வந்து உட்காருகிறவர் தன் மனதுக்கு மிக நெருக்கமான ஒருவரின் பெயரையும், அவருக்குச் சொல்ல ஒரு வரியையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு டிக் விழும். அவ்வளவுதான், இரண்டாவது விழாது. இடையிடையே பெட்டி மட்டும் ஒரு முறை அதிரும். எப்போது அதிரும் என்று ஒழுங்கு கிடையாது. அந்த ஒழுங்கின்மையை வேண்டுமென்றேதான் வைத்தேன். எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிய பாடம், எங்கள் தொழிலில் அரிச்சுவடி மாதிரி.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வராந்தாவில் இரண்டு நாள் வைக்க இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 'அப்படியே இருக்கிறது அக்கா' என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம், விடுதியில் தங்கிப் படிக்கும் கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அப்பா, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடல் தொழிலுக்குப் போகிறவர். 'அப்பா' என்று எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடம் ஆனது. பத்தானது. பின்னால் நின்றவர்கள் சலித்துப்போய்க் கலைந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பெட்டி அதிரும்போதெல்லாம் தோள்பட்டை ஒரு முறை தூக்கிப் போட்டது. போதும் என்று நானே போய் அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் கை சில்லிட்டிருந்தது. அவள் சொன்னாள்: “இது பொம்மை என்று தெரியும் அக்கா. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் அப்பாவை விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.”

அன்று மாலையே பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு வந்த பயத்தை அச்சுப் பிசகாமல் இன்னொரு பிள்ளையின் உடம்பில் இறக்கியிருக்கிறேன். அதைக் கலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பதற்றத்தைப் பற்றிச் செய்யப்படும் ஊடாட்டப் படைப்புகளில் பல இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். இரைச்சலைக் கூட்டுகிறார்கள், அறிவிப்புகளை மழையாகப் பொழிகிறார்கள், பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டுவது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குத்தான் அவர் தினமும் காலையில் கண் விழிக்கிறார்.

அம்மா சொன்னது

பெட்டி ஒரு மாதம் தார்சாவின் மூலையில் கிடந்தது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்து, “இது என்ன செய்யும்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“இதில் அனுப்பினால் யாருக்குப் போகும்?”

“யாருக்கும் போகாது.”

“போகாததை ஏன் அனுப்பச் சொல்கிறாய்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று நாள் நான் கிடந்த கிடையை அப்போதுதான் முதல் தடவையாக அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். அதுவரை வெள்ளம் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அவள் பட்ட பாடுதான். நான் பட்டது ஒரு பாடு என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வீடு போனது அவளுக்கு. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு அவள் அந்த இரவைச் சொன்னாள்.

தண்ணீர் வளவுக்குள் வந்ததும் எல்லோரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மாடிக்குப் போயிருக்கிறார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் போய்விட்டது. மாடியில் எண்பது பேர் இருக்கும். இருட்டு. யாரிடமோ ஒரு டார்ச் இருந்தது. அடுத்த தெருத் தையல்காரர் அதை வாங்கிக்கொண்டு அரை மணிக்கு ஒரு முறை படிக்கட்டில் இறங்கிப் பார்த்துவிட்டு, மேலே வந்து உரக்கச் சொல்வாராம்: “நாலு தெரிகிறது!” கீழிருந்து நாலாம் படி வெளியே தெரிகிறது, மூன்று படி முங்கிவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரம் கழித்து, “அஞ்சு தெரிகிறது!” அப்புறம் ஆறு. ஒரு பையன் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தானாம். நள்ளிரவு தாண்டி ஏழு ஆனது. அதற்கப்புறம் ஏழு, ஏழு, ஏழு. “மூன்றாவது தடவை ஏழு என்றதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நானும் தூங்கிவிட்டேன். விடியும்போது ‘ஆறு’ என்று அவர் கத்தியதைக் கேட்டுத்தான் முழித்தேன்” என்றாள் அம்மா.

எனக்கு வியப்பாக இருந்தது. நான் பாளையங்கோட்டையில் உலர்ந்த கட்டிலில் படுத்துக்கொண்டு விடிய விடிய முழித்திருக்கிறேன். அம்மா வெள்ளத்துக்கு நடுவில் தூங்கியிருக்கிறாள்.

“பயமாக இல்லையா அம்மா?”

“பயம்தான். ஆனால் எண்பது பேருக்கும் ஒரே பயம். நீதான் இங்கே ஒற்றையில் கிடந்திருக்கிறாய்.”

ஒற்றையில் என்று அவள் சொன்னதும் நான் மூலையில் கிடந்த பெட்டியைத்தான் பார்த்தேன். அம்மாவிடமும் ஒரு குறி இருந்தது. அதுவும் முழுச் செய்தியைச் சொல்லவில்லை. அணைக்கட்டில் எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றோ, மழை எப்போது விடும் என்றோ படிக்கட்டுக்குத் தெரியாது. ஆனால் அது தண்ணீரைத் தண்ணீராகவே காட்டியது. அதைப் பார்ப்பதற்கு ஒரு ஆள் இருந்தார். பார்த்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த அரை மணி நேரம் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் இது புதிதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தாமிரபரணியில் வெள்ளம் வரும் போதெல்லாம் முங்கும். உற்சவரையும் சாமான்களையும் முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கரையில் நிற்கிற கூட்டம், மண்டபத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் வெள்ளத்தை அளக்கும். தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் 'நேற்றைக்கு இப்போது இறக்கம்' என்று சொல்லிக்கொள்வார்கள். தந்தியும் அப்படித்தான். அது வந்தாலே தெருவுக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் பிரித்துப் படிக்கும்போது பத்துப் பேர் பக்கத்தில் நிற்பார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் நீல டிக் வந்தது. இடையில் கழன்று விழுந்தது பக்கத்தில் நின்ற அந்தப் பத்துப் பேர்தான். பயம் பழையது. அதை ஆளுக்கொரு திரையாகப் பிரித்து, கையில் கொடுத்து, ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னதுதான் புதிது.

இரண்டாவது முறை

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படியின் உயரத்தை நான் அளந்து சொல்ல, அம்மா எழுதிக்கொண்டாள். ஒரு படி ஏழு அங்குலம். அதே அளவில் மரத்தில் ஏழு படி செய்தேன். படிகளின் முகத்தில் சிறிய பித்தளைத் தகடுகள். செய்தி அந்த இடத்தைக் கடந்தால் தகடு தானாக நிமிரும். முதல் படி உன் போன். இரண்டு, உன் ஊர் டவர். மூன்று, எங்கோ இருக்கும் சர்வர். நான்கு, அவர்கள் ஊர் டவர். ஐந்து, அவர்கள் போன். ஆறு, அவர்கள் கண். ஏழாம் படி அந்த ஆள். அதற்குத் தகடு வைக்கவில்லை. எந்த இயந்திரமும் அதை நிமிர்த்த முடியாது. இத்தனை நாள் நான் வரைந்த திரைகள் அதைத்தான் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தன.

இருட்டறையில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார வேண்டும். பெயரும் வரியும் முன்பு போலத்தான். அனுப்பிய பிறகு யாருக்கும் திரை கிடையாது. ஒரே ஒரு டார்ச் உண்டு. மணி அடிக்கும்போது, முறை வந்தவர் எழுந்துபோய்ப் படியில் டார்ச் அடித்துப் பார்த்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: “மூன்று தெரிகிறது.” அடுத்த மணி வரை ஒருவரும் பார்க்கக் கூடாது. அதற்கிடையில் அம்மாவின் பித்தளைச் சொம்பு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். அதன் கழுத்தில் விரல் படுகிற இடத்தில் நாடித் துடிப்பை அறியும் சென்சார் வைத்திருந்தேன். பிடித்திருப்பவரின் துடிப்புக்கு ஏற்ப மேலே ஒரு குண்டு பல்பு மினுங்கும். அவர் கொடுத்துவிட்டதும் அந்தத் துடிப்பு பக்கத்துப் பல்புக்கு நகரும். துடிப்பைப் பல்பாக்கும் எண்ணம் என்னுடையது இல்லை. ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2006இல் மெக்சிகோவில் ஓர் அறை முழுக்கப் பல்புகளைத் தொங்கவிட்டு, வந்தவர்களின் இதயத் துடிப்பால் அவற்றை மினுங்க வைத்தார். எனக்குத் தேவைப்பட்டது எட்டே பல்பு.

அதே கல்லூரியில், ஒரு வகுப்பறையின் ஜன்னல்களைக் கருப்புத் துணியால் மூடி வைத்தோம். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். முதல் மணி வரை யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கைகள் சட்டைப் பையைத் தேடின. போன்களை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தோம். பல்பு படபடவென்று அடித்தது. “மூன்று தெரிகிறது” என்று முதல் குரல் கேட்டதும் யாரோ “சர்வர் வரைக்கும் போய்விட்டது” என்றார்கள். இரண்டாவது மணிக்கும் மூன்றுதான். “அவர்கள் ஊரில் டவர் இல்லை போலிருக்கிறது” என்று ஒரு பையன் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வெள்ள இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாமல் தவித்தேன். அவன் பக்கத்தில் இருப்பவருக்காகச் சொன்னான். அதனால் அவனுக்கு வந்தது. அதற்குப் பிறகு பேச்சு எழுந்தது. யாருக்கு எழுதினாய், என்ன எழுதினாய் என்று கேட்டுக்கொண்டார்கள். பல்பின் துடிப்பு தணிந்தது என்று என் கண்ணுக்குத் தோன்றியது. நான் அளந்து பார்க்கவில்லை.

அந்தக் கடற்கரைப் பெண்ணை நானே தேடிப் போய் அழைத்தேன். வர யோசித்தாள், வந்தாள். முறை வந்தபோது டார்ச்சை வாங்கி, படிக்கு முன்னால் குனிந்து, நிதானமாக எண்ணிச் சொன்னாள். முடிந்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, “நன்றாக இருந்தது அக்கா. ஆனால் ராத்திரி என் அறையில் டார்ச்சோடு யார் வருவார்கள்?” என்று கேட்டாள்.

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் பாதிதான் இருக்கிறது. வேலையில், நான் வரையும் திரைகளில் அந்த மூன்று புள்ளிகளை எடுத்துவிடச் சொல்லிப் போராடுகிறேன். சில இடங்களில் கேட்கிறார்கள். அந்த இடத்தில் 'உங்கள் செய்தி எங்களிடம் இருக்கிறது. அவரது போன் இப்போது இணைப்பில் இல்லை. பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இணைப்பு வந்ததும் சொல்கிறோம்' என்று ஒரு வரி வைத்திருக்கிறோம். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிற ஆளின் குரலில் அது இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டேன். அந்தப் பெண்ணின் விடுதி அறைக்கு அது போதாது. அங்கே வேண்டியது இன்னும் மூன்று பேர். அதை என்னால் வரைந்து கொடுக்க முடியாது.

அம்மாவுக்கு ஜனவரிக் கடைசியில்தான் புதுப் போன் வாங்கினோம். பழைய எண்ணையே போட்டோம். சென்று சேராத செய்தியைச் சர்வர் 30 நாள் வைத்திருக்கும். அதற்குப் பிறகு அழித்துவிடும். எனவே டிசம்பர் 17ஆம் தேதிச் செய்தி அம்மாவுக்கு வரவே இல்லை, இனி வராது. என் போனில் அது அதே ஒற்றை டிக்கோடு இருக்கிறது. போன வாரம் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவிடம் அதைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் என்னையே படிக்கச் சொன்னாள்.

“'அம்மா, தண்ணீர் வந்தால் பாத்திரம் பண்டம் பார்க்காதே, மாடிக்குப் போய்விடு'” என்று படித்தேன்.

அம்மா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சென்சாருக்காகக் கழுத்தில் நான் போட்ட துளையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அதற்கு முன்னாலேயே போய்விட்டேனே” என்றாள்.